வசந்தப் பருவத்தில் உயர்நிலைப் பள்ளி: நிகழ்ச்சிகளையும் மாணவர் வழிகாட்டலையும் சேர்த்துத் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

குளிர் விலகி வெயில் எட்டிப் பார்த்ததும் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உற்சாகம் வந்துவிடும். உடற்கல்வி ஆசிரியருக்கு விளையாட்டு விழா நடத்த வேண்டும், அறிவியல் துறைக்குக் கண்காட்சி, இசைக் குழுவுக்கு மேடை, பதினோராம் வகுப்புக்குச் சுற்றுலா. அதே வாரங்களில்தான் கவுன்சலர் அறையில் அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பாடத்தேர்வு, கல்லூரி விண்ணப்பம், தேர்வு பயம் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். இரண்டு பக்கமும் இழுப்பது ஒரே பிள்ளைகளைத்தான். ஆனால் பல பள்ளிகளில் இரண்டுக்கும் தனித்தனிக் குழு, தனித்தனி நாட்காட்டி. ஒரு குழு என்ன செய்கிறது என்று இன்னொன்றுக்குத் தெரியாது.

மாணவரைத் தெரிந்துகொள்ள வகுப்பறையைவிட ஒத்திகையும் மைதானமும் பேருந்துப் பயணமும் நல்ல இடங்கள். ஆகவே நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, நடத்துகிற ஒவ்வொன்றுக்குள்ளும் வழிகாட்டலுக்கு இடம் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள படிகள் அதை ஒட்டியே அமைந்தவை. 9 முதல் 12 வரையிலான வகுப்பாசிரியர்கள், கவுன்சலர்கள், நிகழ்ச்சிப் பொறுப்பாசிரியர்கள் மூவருக்கும் பொருந்தும்.

படி 1: உங்கள் கல்வியாண்டில் வசந்தம் எங்கே விழுகிறது?

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வசந்தம் என்பது ஆண்டின் கடைசி ஓட்டம். அமெரிக்காவில் ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வுகள் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் நடக்கின்றன. இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ (16 வயதளவில்), ஏ லெவல் (18 வயதளவில்) என்ற பொதுத் தேர்வுகள் மே, ஜூன் மாதங்களில். ஜப்பானிலோ கல்வியாண்டே ஏப்ரலில்தான் தொடங்குகிறது, தென்கொரியாவில் மார்ச்சில். அங்கே வசந்தம் என்றால் புது வகுப்பு, புது முகங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வசந்தம். பள்ளி இறுதித் தேர்வும் அக்டோபர், நவம்பரிலேயே வந்துவிடும்.

இதைச் சொல்லக் காரணம், இணையத்தில் கிடைக்கும் ‘வசந்தகால நடவடிக்கைகள்’ பட்டியல்கள் எந்த நாட்டுக்கு எழுதப்பட்டவை என்று பார்க்காமலே நகல் எடுக்கப்படுகின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் வசந்தம் வந்தால் மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும்படியான குழு விளையாட்டு, மன்ற அறிமுகம், ஒரு நாள் வெளியூர்ப் பயணம் எல்லாம் முதலில் வர வேண்டும். ஆண்டின் முடிவில் வந்தால் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஏற்கெனவே ஓடுகிறவற்றை நல்லபடியாக முடிப்பதே வேலை.

படி 2: ஒரே நாட்காட்டி, அதுவும் மாணவர் பக்கத்திலிருந்து

பொதுத் தேர்வு, மாதிரித் தேர்வு, பாடத்தேர்வுப் படிவத்தின் கடைசி நாள், கல்லூரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் ஆகியவற்றை முதலில் குறியுங்கள். இவை நம் கையில் இல்லாத தேதிகள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு மே 1 அப்படி ஒரு நாள். அதன் பிறகு மிச்சமிருக்கும் இடத்தில்தான் நிகழ்ச்சிகள்.

கோடைகால நேரத்துக்கு மாறும் ஊர் என்றால் அந்த ஞாயிறையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, கனடாவின் பெரும்பகுதியில் அது மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச் கடைசி ஞாயிறு. கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போவதால் மறுநாள் திங்கட்கிழமை வகுப்பே பாதித் தூக்கத்தில் இருக்கும். அன்று காலை முதல் பாடவேளையில் தேர்வு வைக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு சோதனை. தேதிகள் மோதவில்லை என்பதால் நாட்காட்டி சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாலைந்து மாணவர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் வாரமும் எப்படிப் போகும் என்று எழுதிப் பாருங்கள். உதாரணமாக, பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி. தொடர் ஓட்ட அணியில் இருக்கிறாள், பாட்டுக் குழுவிலும் இருக்கிறாள். திங்கள், புதன் மாலை ஓட்டப் பயிற்சி. செவ்வாய், வியாழன் பாட்டு ஒத்திகை. வெள்ளி மாலை அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்ய வேண்டும். எந்த ஆசிரியரும் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கேட்கவில்லை. யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு ஒரு மாலைகூட மிச்சமில்லை. வீட்டுப்பாடத்தை ராத்திரி பத்து மணிக்குத்தான் தொடுவாள். இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். எதற்கும் கை தூக்குகிற பிள்ளைகளைத்தானே எல்லோரும் கூப்பிடுகிறோம்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் விதிகள் இரண்டு. ஒரு மாணவருக்கு ஒரே காலகட்டத்தில் பெரிய பொறுப்பு ஒன்று, சின்னப் பொறுப்பு ஒன்று, அவ்வளவுதான். பொதுத் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் தேர்வு எழுதும் வகுப்புகளுக்கு ஒத்திகை எதுவும் கிடையாது. இரண்டாவது விதிக்கு எதிர்ப்பு வரும், ‘எங்கள் நிகழ்ச்சிக்கு மட்டும்’ என்று விலக்கும் கேட்பார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டி வரும் என்பதால், முதல்வரின் கையெழுத்தோடு ஆரம்பத்திலேயே சுற்றறிக்கை போய்விடுவது நல்லது.

வெளியில் நடக்கும் எல்லாவற்றுக்கும் மழைக்கு ஒரு மாற்று நாள். வசந்தகால வானிலையை நம்பி யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள்.

படி 3: மேடைக்குப் பின்னால் இருக்கும் வேலைகளை முதலில் பங்கிடுங்கள்

ஒரு விளையாட்டு விழாவில் ஓடுகிறவர்கள் ஐம்பது பேர் என்றால் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் முந்நூறு பேர். அந்த முந்நூறு பேருக்கும் அது விடுமுறை நாள்தான். மதிப்பெண் பதிவு, ஒலிபெருக்கி, அறிவிப்பு, புகைப்படம், வரவு செலவுக் கணக்கு, முதலுதவி மேசை, தண்ணீர், தடம் கோடு போடுவது, கடைசியில் சுத்தம் செய்வது என எத்தனையோ வேலை இருக்கிறது. இவற்றைப் பட்டியலாக ஒட்டி, மாணவர்களே பெயர் எழுதும்படி விடுங்கள்.

பட்டியலை ஒட்டினால் மட்டும் போதாது. எதிலும் சேராத ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும். ‘விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்ற அறிவிப்பு அவர்கள் காதில் ஏறவே ஏறாது. பெயர் சொல்லி, வேலையையும் சொல்லிக் கேட்க வேண்டும்: “உயரம் தாண்டுதலுக்கு ஸ்கோர் எழுத ஆள் வேணும். உன் கையெழுத்து தெளிவா இருக்கும். வர்றியா?” என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள். ஏன் தன்னைக் கேட்டார்கள் என்ற காரணமும் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது, கவனியுங்கள்.

வழிகாட்டல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. கணக்குப் பார்க்கிற பையன் பத்து ரூபாய் உதைத்தாலும் விடாமல் தேடுகிறானா, அறிவிப்பு செய்கிற பெண் தாளில் இல்லாததையும் சமாளித்துப் பேசுகிறாளா, முதலுதவி மேசையில் இருப்பவன் ரத்தத்தைப் பார்த்ததும் பின்வாங்குகிறானா என்று பொறுப்பாசிரியர் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுக்கட்டும். பாடத்தேர்வுப் பேச்சில் அந்த ஒரு வரி பெரிய உதவி.

கட்டணம் உள்ள நிகழ்ச்சி என்றால், கட்ட முடியாதவர்களுக்கான ஏற்பாட்டை அனுமதிப் படிவத்திலேயே ஒரு வரியாகச் சேருங்கள்: ‘கட்டண உதவி தேவைப்படுவோர் இந்தக் கட்டத்தில் குறியிடவும்.’ தனியாக வந்து கேள் என்றால் வர மாட்டார்கள். “எனக்குச் சுற்றுலா பிடிக்காது” என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள்.

படி 4: வெளியே கூட்டிப் போகும்போது

சுற்றுலாவுக்கான படிவங்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும். அதை நான் விவரிக்கப் போவதில்லை. அடிக்கடி தவறிப்போகும் மூன்றை மட்டும் சொல்கிறேன். கடும் ஒவ்வாமை உள்ள மாணவரின் அட்ரினலின் ஊசி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பேருந்தின் சாமான் அறையில் அல்ல. ஆஸ்துமா உள்ளவர்களின் இன்ஹேலரும் அப்படித்தான். தலை எண்ணுவது ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமல்லாமல், ஒவ்வொரு இடம் மாறும்போதும் நடக்க வேண்டும். அதற்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பு. எல்லோரும் எண்ணினால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம்.

விளையாட்டுப் பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்த உடம்பைத் திடீரென்று தினமும் ஓட விட்டால் காயம் வரும். வேகமாக உயரம் கூடும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் எலும்பு மேட்டில் வலி வருவது சகஜம். ஆஸ்குட்–ஷ்லாட்டர் என்று அதற்குப் பெயர். ஓட்டமும் குதிப்பும் கூடினால் வலியும் கூடும், ஓய்வு கொடுத்தால் குறையும். “வளர்கிற வயசு, அப்படித்தான் இருக்கும், ஓடு” என்று விரட்டாமல் பயிற்சியைக் குறைத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வெயில் ஏறத் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பயிற்சியைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழக அவ்வளவு நாள் பிடிக்கும்.

படி 5: பதினைந்து நிமிடப் பேச்சு

வசந்தப் பருவ வேலைகளில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது. அமெரிக்கப் பள்ளிக் கவுன்சலர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒரு கவுன்சலர் என்று பரிந்துரைக்கிறது. அந்த அளவு அமைந்தாலும் ஒரே ஆள் ஒவ்வொருவரிடமும் நிதானமாகப் பேசிவிட முடியாது. ஆகவே வகுப்பாசிரியரும் பங்கெடுத்தே ஆக வேண்டும். 30 பேர் உள்ள வகுப்பு என்றால் வாரத்துக்கு எட்டுப் பேர் வீதம் நான்கு வாரம். நாளுக்கு இரண்டு பேர். செய்ய முடிகிற காரியம்தான்.

இடம் முக்கியம். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசலாம், அரங்கத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே பேசலாம். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்ப்பதைவிட, பக்கத்தில் நின்று கையில் ஏதோ வேலை இருக்கும்போது பேச்சு தானாக வரும். அதே சமயம் மற்றவர்கள் பார்வையில் படுகிற இடமாக இருக்கட்டும். இருவருக்கும் அது பாதுகாப்பு.

தொடங்கும்போதே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள்: “நீ சொல்றது என்னோட இருக்கும். ஆனா உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்.” நடுவில் சொன்னால் நம்பிக்கைத் துரோகம் மாதிரி தெரியும்.

“எப்படிப் போகுது?” என்று கேட்டால் “பரவால்ல சார்” என்று பதில் வரும், அத்தோடு கதை முடிந்தது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்த வாரம் எந்த வகுப்புக்குப் போகும்போது கால் பின்னால் இழுத்தது? எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? வீட்டில் யாரிடமும் சொல்லாத முடிவு ஏதாவது இருக்கிறதா?

பாடத்தை மாற்ற நினைக்கும் ஒரு மாணவனோடு பேச்சு எப்படிப் போகும் என்று காட்ட ஒரு மாதிரி:

“சார், அடுத்த வருஷம் பயாலஜியை விட்டுடலாம்னு இருக்கேன்.”

“சரி. அதுக்குப் பதிலா என்ன எடுப்ப?”

“கம்ப்யூட்டர் சயின்ஸ். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அதுலதான் சேர்றாங்க.”

“அவங்க யாரும் அதை எடுக்கலைன்னு வை. அப்போ?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “அப்பவும் பயாலஜி வேண்டாம் சார். படம் வரையறதே பிடிக்கல. எவ்வளவு வரைஞ்சாலும் திரும்பப் போடச் சொல்றாங்க.”

பையனுக்குப் பிரச்சினை பாடத்தோடு இல்லை, ஆய்வக நோட்டோடுதான் என்பது மூன்றாவது பதிலில்தான் வெளியே வருகிறது. முதல் வாக்கியத்துக்கே “பயாலஜி நல்ல பாடம்பா, விடாதே” என்று அறிவுரை சொல்லியிருந்தால் இது வந்திருக்காது. ஆசிரியர் இந்தப் பேச்சில் எதையும் விளக்கவில்லை, இரண்டு கேள்விதான் கேட்டிருக்கிறார். பேச்சு முடிந்ததும் மூன்று வரி எழுதி வையுங்கள்: என்ன சொன்னான், என்ன செய்வதாக ஒப்புக்கொண்டான், எப்போது மறுபடி கேட்பேன். அந்தத் தேதியில் மறக்காமல் கேளுங்கள்.

படி 6: பாடத்தேர்வும் எதிர்காலமும்

பாடத்தைப் பிடிக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதை விட்டால் எந்தப் படிப்புக்கான கதவு மூடும் என்றும் பார்க்க வேண்டும். பொறியியலுக்குக் கணிதமும் பெரும்பாலும் இயற்பியலும், மருத்துவத்துக்குப் பெரும்பாலும் வேதியியலும் கேட்பார்கள். கணிதத்தை விடுவது பல கதவுகளை ஒரே நேரத்தில் மூடும் முடிவு. அதைப் படிவம் நிரப்பும் கடைசி நாள் அவசரத்தில் எடுக்க விடாதீர்கள். மாணவர் போக விரும்பும் இரண்டு மூன்று படிப்புகளின் சேர்க்கைத் தகுதியை அவரே கல்லூரி இணையதளத்தில் தேடி எடுத்து வரட்டும். நீங்கள் தேடிக் கொடுத்தால் அது உங்கள் முடிவாகிவிடும்.

ஆர்வத்தை அறிய, அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாட்டில் வரும் ஆறு வகை இன்றும் பயன்படுகிறது: கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்காகப் பதிவு வைப்பது. இதை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ*நெட் தளத்தில் இலவச ஆர்வ வினாப்பட்டியல் இருக்கிறது. முடிவைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், பேச்சைத் தொடங்க ஒரு சாக்காக வைத்துக்கொள்ளுங்கள். படி 3இல் எழுதிய ஒரு வரிக் குறிப்போடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இன்னும் சுவாரசியம். ‘ஆராய்ச்சி’ என்று வினாப்பட்டியல் சொல்லும் பெண், விழாவில் முழுத் தொண்டர் படையையும் மேய்த்திருப்பாள்.

தொழில் வழிகாட்டல் நாள் வைத்தால், பெரிய பதவியில் இருப்பவர்களைவிட ஒன்றிரண்டு ஆண்டுக்கு முன் பள்ளியை விட்டுப் போன பழைய மாணவர்களைக் கூப்பிடுங்கள். விடுதிச் சாப்பாடு முதல் தோற்றுப்போன பாடம் வரை எல்லாவற்றையும் அவர்கள்தான் உள்ளபடி சொல்வார்கள். பெற்றோர் சந்திப்பில் மாணவரும் கூட உட்காரட்டும், முதலில் அவரே பேசட்டும்.

படி 7: படிப்பு, தூக்கம், மகரந்தம்

தேர்வுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு சோதனையின் முடிவை மாணவர்களிடம் காட்டுங்கள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42 சதவீதம். மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னுக்குப் போய்விடுகிறது. அது முழுக்க ஃபோனின் குற்றமல்ல. அதனால்தான் அதிகாலை ஒத்திகை வேண்டாம் என்கிறேன்.

மகரந்த ஒவ்வாமையைப் பள்ளிகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. வசந்தத் தொடக்கத்தில் மரங்கள், பிற்பகுதியில் புற்கள் என அது மாதக்கணக்கில் நீளும், தேர்வும் அதே காலத்தில் வரும். மாதிரித் தேர்வைவிட இறுதித் தேர்வில் கிரேடு குறைந்த மாணவர்களிடம் ஒவ்வாமை அறிகுறிகளும், தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மாத்திரைப் பழக்கமும் கூடுதலாக இருந்ததை 2007இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. தும்மிக்கொண்டே இருக்கும் மாணவரின் வீட்டுக்குச் சொல்லி, தூக்கம் வரவைக்காத மருந்து கிடைக்குமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். தேர்வறையில் புல்வெளிப் பக்க ஜன்னலை மூடி வைக்கலாம்.

படி 8: தளர்ந்து போகிறவர்களைக் கவனிப்பது

மனச்சோர்வு குளிர்காலத்து விஷயம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் மிதவெப்ப நாடுகள் பலவற்றில் தற்கொலைகள் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கூடுவது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவாகியிருக்கிறது. பிடித்த குழுவிலிருந்து காரணமில்லாமல் விலகுவது, பொருட்களை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது, ‘நான் இல்லாட்டா யாருக்கும் ஒன்னும் ஆகாது’ என்ற மாதிரிப் பேச்சு ஆகியவற்றை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஆம் என்றால் தனியாக விடாமல் கூடவே இருந்து, கவுன்சலரையும் முதல்வரையும் உடனே வரவழையுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். நிகழ்ச்சிப் பொறுப்பாசிரியர்கள், பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். விலகல் முதலில் தெரிவது அவர்கள் கண்ணுக்குத்தான்.

படி 9: கடைசி வகுப்பு மாணவர்களும் ஒப்படைப்பும்

கல்லூரியில் இடம் கிடைத்த மாணவர்களிடம் பள்ளியின் கவனம் அத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் சேர்க்கை கிடைத்தும் படிப்பு தொடங்கும் நாளில் வந்து சேராதவர்கள் உண்டு. விடுதிப் படிவம், உதவித்தொகைச் சான்று, தடுப்பூசிப் பதிவு, முன்பணம் எல்லாம் கேட்கப்படுவது பள்ளி மூடியிருக்கும் மாதங்களில், கேட்க ஆளில்லை. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குகிறார்கள். பள்ளி முடியும் முன்னரே ஒவ்வொருவரும் தங்கள் கல்லூரி இவற்றைக் கேட்கும் கடைசித் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும். விடுமுறையில் எந்த எண்ணுக்கு அழைக்கலாம், யார் எடுப்பார் என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துக் கொடுங்கள்.

மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு வேறு வகுப்பாசிரியர் வருவார். மாணவர் ஒருவருக்கு அரைப் பக்கம் போதும்: எந்த வேலையில் கை ஓடியது, என்ன பாடம் எடுத்திருக்கிறார், எதைப் பற்றி மறுபடி கேட்க வேண்டும். ரகசியமாகச் சொன்னவை அதில் வரக் கூடாது, அவை கவுன்சலரிடம் மட்டும். எழுதியதை மாணவரிடம் ஒருமுறை காட்டி, திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு, பழைய ஆசிரியரும் புது ஆசிரியரும் விடுமுறைக்கு முன்பே நேரில் உட்கார்ந்து கைமாற்றிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் திறக்கப்படாமலே கிடக்கும்.